விலங்கு என்றால் குறுக்கே இருப்பது

கோழி விலங்கா என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "இல்லை, அது பறவை" என்று சட்டென்று பதில் வரும். கொசு? பூச்சி. கெண்டை? மீன். அவர்களுக்கு விலங்கு என்றால் மாடு, ஆடு, நாய், புலி. நாலு காலில் நடக்க வேண்டும். விலங்கியல் புத்தகமோ கொசுவையும் நண்டையும் மனிதனையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டு விலங்குலகம் என்கிறது. பிள்ளையின் விடையைத் தவறு என்று அடிக்கும் முன், அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். சொல்லின் பக்கம் நிற்பது பிள்ளைதான்.

விலங்குதல் என்றால் குறுக்காக இருத்தல். குறுக்கிட்டுக் கிடக்கும் மலை விலங்கல். கால்களுக்குக் குறுக்கே பூட்டுவது கால்விலங்கு. உயிரினத்துக்கு அந்தப் பெயர் வந்தது உடல்வாகால் என்று அகராதிகள் சொல்கின்றன. மனிதன் நெட்டுக்குத்தாக நிற்கிறான். மாட்டின் முதுகு தரைக்கு இணையாகக் கிடக்கிறது. வடமொழியின் 'திரியக்' என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருள், குறுக்கு என்றும் விலங்கு என்றும். எது எதைப் பார்த்துப் பிறந்தது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. உருவத்தைக் கண்ணால் பார்த்து வகைபிரித்த ஒருவர் இந்தப் பெயரை வைத்திருக்கிறார், அது போதும்.

ஆனால் சொல் அந்த நாலு காலோடு நிற்கவில்லை. சமணர்கள் பிறவியை நான்கு கதிகளாக வகுத்தபோது, தேவர், மக்கள், நரகர் போக மிச்சமிருந்த பறவையும் புழுவும் விலங்குகதிக்குள் வந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் மூன்றாம் தொகுதி விலங்கின் பெயர்த்தொகுதி. பறவைப் பெயர்களும் அதில்தான். ஆக, கோழி விலங்குதான் என்பது இங்கிலீஷ் படிப்பு கொண்டுவந்த புதுமை அல்ல. குறுகிய பொருளும் விரிந்த பொருளும் நெடுநாளாக ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, வகுப்பறையில்தான் சண்டை.

காலை எண்ணிப் பிரிப்பதில் பெரிய அறிஞர்களும் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார்கள். சுவீடனின் லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஒரு வகுப்புக்கு 'நாலு கால் உயிர்கள்' என்று பொருள்படும் லத்தீன் பெயர்; திமிங்கிலம் மீன்களோடு இருந்தது. 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் அந்தப் பெயரைக் கைவிட்டு, முலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'மம்மாலியா' என்று வைத்தார். திமிங்கிலம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. (அதே பதிப்பில் வௌவாலை மனிதனும் குரங்கும் இருந்த வரிசையில் வைத்தார் என்பது தனி வேடிக்கை.) லத்தீன் உறுப்பைச் சொன்னது. ஜெர்மன் மொழி 'பால் கொடுக்கும் விலங்கு' என்று தாயின் செயலைச் சொல்கிறது. நம் 'பாலூட்டி'யும் அந்தச் செயலையே சொல்கிறது. எனக்குப் பிடித்தது நம்முடையதுதான். ஆனாலும் பாடம் நடத்த அது மட்டும் போதாது. வௌவால் பாலூட்டுவதை எந்தப் பிள்ளை பார்த்தது? உடம்பில் முடி இருக்கிறதா என்றால் படத்திலேயே பார்த்துச் சொல்லிவிடும்.

செயலால் வைத்த பெயர்கள் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. பறப்பது பறவை என்றால் தீக்கோழி வெளியே, வௌவாலும் தும்பியும் உள்ளே. பழைய 'புள்' என்ற பெயர் பறப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது வழக்கில் நிலைத்திருந்தால் ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம். இன்று உயிரோடிருப்பவற்றில் இறகு உள்ளது பறவை மட்டுமே. வகுப்பில் ஓர் இறகைக் கையில் கொடுத்தால் விளக்கமே வேண்டாம். ஊர்வன இன்னும் மோசம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை எறும்பை ஊர்வனவில் சேர்க்கிறது. தமிழ்படி அது சரி, அறிவியல்படி தப்பு. செதிலைக் காட்டிப் பாம்பையும் பல்லியையும் முதலையையும் ஒன்றாக வைத்த பிறகு, எறும்பு எங்கே என்று கேட்டால் பிள்ளையே அதன் ஆறு காலை எண்ணிப் பார்த்து எடுத்து வெளியே வைத்துவிடும்.

பிள்ளைக்கு முன்பே தெரிந்த வகைப்பாடு ஒன்று உண்டு: இளமைப் பெயர். ஆட்டுக்குட்டி, மாட்டுக் கன்று, கோழிக் குஞ்சு, மீன் குஞ்சு. தொல்காப்பிய மரபியல் குட்டி, கன்று, பறழ், பார்ப்பு என ஒன்பது இளமைப் பெயர்களை அடுக்கி, எது எதற்கு உரியது என்றும் சொல்கிறது. பார்ப்பு, பிள்ளை இரண்டும் பறப்பவற்றுக்கு. தவழ்பவற்றுக்கும் அவையே பொருந்தும் என்கிறது. ஊர்வனவும் பறவையும் நெருங்கிய உறவு என்று இன்றைய உயிரியல் சொல்வதை வைத்து, அன்றே கண்டுபிடித்தோம் என்று மார்தட்டத் தேவையில்லை. முட்டையிலிருந்து வருவதைப் பார்த்தவர்கள் ஒரே பெயரிட்டிருக்கலாம்.

இளமைப் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எலிக்குஞ்சு என்கிறோம், எலி முட்டையிடுவதில்லை. கண்ணாடி விரியன் குட்டி போடுகிறது, பால் கொடுப்பதில்லை. குட்டி போட்டால் பாலூட்டி என்று எழுதிப்போடும் ஆசிரியரிடம் கிராமத்துப் பிள்ளை விரியனைப் பற்றி ஒருநாள் கேட்கும். அப்போது கரும்பலகையில் அடுத்த வரியாக 'உடம்பில் முடி உண்டா?' என்று எழுதினால் போதும்.