ஃபிராங்ஃபர்ட்டில் பிடிபட்ட வயலின்

தங்கையின் வீணையைக் கனடாவுக்கு அனுப்பினேன். சின்ன வயதிலிருந்து அவள் வாசித்தது. அங்கே வரியும், வரியைக் கட்டிக்கொடுத்த புரோக்கருக்கான கூலியும் சேர்ந்து பில் வந்தது. "என் வீணைக்கு நானே காசு குடுக்கணுமாண்ணா?" என்றாள்.

யூசுகோ ஹோரிகோமேயும் இதைத்தான் கேட்டிருப்பார். 1741இல் குவர்னேரி செய்த வயலின். 1986இல் ஜப்பானில் வாங்கியது. பிரஸ்ஸல்ஸில் வசித்தபடி, ஊர் ஊராக அதைத்தான் வாசித்துவந்தார். 2012 ஆகஸ்டில் ஃபிராங்ஃபர்ட் சுங்கத்துறை பிடித்துவைத்துக்கொண்டது. மதிப்பு 10 லட்சம் யூரோ, 19 சதவீத வரி 1,90,000 யூரோ! அவருக்கு அது கையின் நீட்சி. அதிகாரிக்கோ தாளில்லாத சரக்கு. அதிகாரியை முழுசாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, விலையுயர்ந்த வயலினைக் கடத்துகிறவனும் அதைத் தோளில்தானே மாட்டி வருவான். செப்டம்பரில் வரி வாங்காமலே திருப்பிக்கொடுத்தார்கள்.

தங்கை பணத்தைக் கட்டிவிட்டாள். பெட்டியைத் திறந்தபோது ஒரு தந்தி அறுந்திருந்ததாம்.