சின்னக் குறிப்பிடமும் ஏழு மணிப் பாயும்

கிண்டியில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், மாலை ஏழு மணி ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துவிடுவார்கள். செபமாலை சொல்லும் நேரம் அது. அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டர்னர் வேலை பார்த்தார். 1958-ல் பேட்டை தொடங்கிய புதிது. சோப்பு போட்டுக் கழுவினாலும் அவர் கையில் எண்ணெய் வாசனை போகாது. அந்தக் கையிலேயே செபமாலையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிடுவார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். ஐந்து பத்து மணிகளில் நாலாவது பத்து வருவதற்குள் நான் தூங்கி விழுவேன். அம்மா தொடையில் கிள்ளுவாள்.

செபம் முடிந்ததும் அப்பா 'சின்னக் குறிப்பிடம்' என்ற சிறிய புத்தகத்தை எடுப்பார். கேள்வியும் பதிலுமாக இருக்கும். அவர் கேள்வி கேட்பார், நாங்கள் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் தப்பினால் அடி கிடையாது. தெரியும் வரை சாப்பாடும் கிடையாது. மற்ற மதத்து நண்பர்களுக்கு இது புதிதல்ல. பக்கத்து வீட்டில் மார்கழியில் பிள்ளைகளை எழுப்பித் திருப்பாவை சொல்ல வைத்தார்கள். அடுத்த தெருவில் என் முஸ்லிம் சிநேகிதன் பள்ளிக்கூடம் விட்டதும் ஓதப் போவான்.

இந்தக் கேள்வி பதில் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அது நம்மூர் அச்சுக்கலையின் தொடக்கம் வரை போகிறது.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். செபம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு முக்கியமான மந்திரங்களைத் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னது என்ன தெரியுமா? "இங்கே கற்றதை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்பதுதான். ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிடுகிறார். ஆக, தமிழ்நாட்டுக் கடற்கரையில் இந்தப் பாடம் முதலில் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் போயிருக்கிறது.

சவேரியார் ஓர் ஊரில் தங்குகிறவர் அல்ல. அவர் போன பிறகு செபங்களைச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். அவர்களுடைய சம்பளத்துக்கு, போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று அந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார். 1545-ல் அவர் நம் மயிலாப்பூருக்கும் வந்து, தோமையார் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கியிருந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் என்றீக்கே என்றீக்கசு. தமிழை முறையாகக் கற்றவர். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வந்தது. மொத்தம் 16 பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. அதன் போர்த்துகீசிய மூலம் சிறுபிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே, உரையாடல் வடிவில் எழுதப்பட்டது. எங்கள் அப்பா கையில் இருந்த சின்னக் குறிப்பிடத்துக்கு மூத்த அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் நண்பர்கள் வீட்டிலும் இதே கதைதான். 1529-ல் லுத்தர் தன் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய முறை என்றே தலைப்பிட்டார். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழில் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டுக் குடும்ப செபமும் எங்கள் வீட்டுச் செபமாலையும் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு வீட்டிலும் குழந்தைகள் தூங்கி விழுவார்கள்!

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1773-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு போப்பாண்டவர் சேசு சபையைக் கலைத்துவிட்டார். மதுரை மிஷனில் குருக்கள் குறைந்துகொண்டே போனார்கள். சேசு சபையினர் மறுபடி அங்கே வர 1838 ஆகிவிட்டது. இடையில் 65 ஆண்டுகள், அதாவது இரண்டு தலைமுறை. பல கிராமங்கள் ஆண்டுக்கணக்கில் பூசை பார்க்கவில்லை. ஆனாலும் திரும்பி வந்தவர்கள் அங்கே கிறிஸ்தவர்களைக் கண்டார்கள். கோயில் பூட்டிக் கிடந்த இடங்களில் உபதேசியார்களும் தாய் தகப்பன்மார்களும் மந்திரங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு வீட்டுக்கு மிக அருகில் கோயில் இருந்தது. சின்னமலை. 1551-ல் போர்த்துகீசியர் கட்டிய பழைய கோயிலும், பக்கத்தில் வட்ட வடிவில் எழுந்த பெரிய கோயிலும். குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் குறைவில்லை. அதனால்தானோ என்னவோ, "எல்லாம் கோயில் பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிட்டேன். ஆபீஸ் வேலை, பிறகு டிவி. ஏழு மணிக்குப் பாய் விரிக்கும் வழக்கம் என் காலத்தில் நின்றது.

என் மகனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். கோயிலுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அதைக் குறையாகச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அப்பா, ஞாயித்துக்கிழமை எங்களை ஞானோபதேச வகுப்புல விட்டுட்டு நீங்க வெளிய மரத்தடியில பேப்பர் படிச்சிட்டு இருப்பீங்க. அது உங்களுக்கே முக்கியம் இல்லன்னு நான் நினைச்சிட்டேன்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் அப்பா சாப்பாட்டை நிறுத்தியதால் என் மனதில் எதுவும் ஒட்டவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து அவரும் எங்களோடு முழந்தாளிட்டதுதான் ஒட்டியது. அவர் செய்ததை நான் செய்யவில்லை.

இந்த ஆண்டு பேத்தி முதல் நற்கருணை வாங்குகிறாள். மருமகள்தான் பிடிவாதமாக வகுப்புக்கு அனுப்புகிறாள். போன வாரம் விசுவாச மந்திரத்தை ஒப்பிக்கும்போது பேத்தி தன் அப்பாவையும் கூடச் சொல்லச் சொன்னாள். அவனுக்குப் பாதியில் மறந்துவிட்டது. அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான். எனக்குச் சவேரியாரின் மணி நினைவுக்கு வந்தது.

அவன் நாளைக்கே கோயிலுக்கு வந்துவிடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவன் விஷயம். ஆனால் பரணில் கிடந்த பழைய பாயை இறக்கித் தட்டி வைத்திருக்கிறேன். மூட்டுவலியால் என்னால் முழந்தாளிட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, ஏழு மணிக்கு நான் தொடங்குகிறேன். பேத்தி வந்தால் வரட்டும்.

உங்கள் வீட்டில் மாலையில் என்ன சொல்லுவீர்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நேரம் இருந்தால் எழுதுங்கள். எந்த மதமானாலும் சரி.