இலை தின்னும் மந்தி, பயிர் தின்னும் குரங்கு

கல்முனைக் கரையோர ஊர்களுக்கு மேற்கே, வயல் முடிந்து காடு தொடங்கும் பக்கத்தில் இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. கரிய முகமும் சாம்பல் உடலும் நீண்ட வாலும் உடையது மந்தி. உருவில் சிறியதும், உச்சிமயிர் தொப்பி கவிழ்த்ததுபோல் வட்டமாகப் பரந்திருப்பதும் செங்குரங்கு. செங்குரங்கு இலங்கைக்கே உரிய இனம்.    அகப்பட்டதை அள்ளி அடக்கிக்கொள்ள அதற்குக் கன்னத்தில் பை உண்டு.

வேறுபாடு வயிற்றில் தொடங்குகிறது. மந்தியின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது. அங்குள்ள நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்வதால் தளிர், பூ, காய், விதை எனப் பெரும்பாலும் மரத்திலேயே அதன் சீவியம் கழியும். லகுகலைக் காட்டில் மந்திகள் உதிர்க்கும் இலைகளுக்காகப் புள்ளிமான்கள் மரத்தடியில் காத்து நிற்பதுண்டு. செங்குரங்குக்கு அந்த வயிறு இல்லை. ஆல், அத்தி, பாலை, வீரை என்று பழம் தேடி அலையும். பூச்சியும் முட்டையும் தின்னும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, வளர்ந்த ஆண்கள் வேறு கூட்டம் தேடிப் போகும். 1968 முதல் பொலன்னறுவையில் வொல்ப்காங் டிட்டஸ் நடத்திய நீண்டகால ஆய்வு இந்த வாழ்வை விரிவாகப் பதிந்தது.

இலைதின்னிக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஆய்வுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கைதி கவனித்துவிட்டார். 1660இல் கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் குரங்கு வகைகளைப் பிரித்துக் காட்டினார். தாடியுள்ள கருமுகத்தன இலையும் தளிரும் தின்று காட்டோடு இருப்பவை. அவற்றால் தொல்லை குறைவு. தலைமயிர் வகிடெடுத்ததுபோல் தொங்குவனவோ பயிரை அழித்துத் தோட்டத்துக்குள்ளும் துணிந்து புகுபவை.

நொக்ஸ் பிடிபடுவதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு, 1626இல், போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கல்முனையும் அடங்கிய அன்றைய மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். சுமார் நாலாயிரம் பேர் என்பர். அவர்களிற் பலர் நெல் விவசாயிகளாயினர். வயலுக்குப் பெரும்பகை பன்றியும் யானையுமே. குரங்கின் கண் சேனையில் விளையும் சோளனிலும் கச்சானிலும், தோட்டத்துத் தென்னங்குரும்பையிலும் இருந்தது. பரணில் இருந்து கூவுவதும் தகரம் தட்டுவதும் அதற்கான காவல். உள்காட்டு வேடர் குரங்கை வேட்டையாடித் தின்றதை 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் சொல்கிறது. முஸ்லிம் ஊர்களிலோ அந்த இறைச்சி ஹராம். ஆகவே விரட்டுவதோடு சரி.

காட்டின் எல்லையே இடம்பெயர்ந்தது கல்லோயாத் திட்டத்தால். 1949இல் கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை தொடங்கியது. அதனால் உருவான சேனாநாயக்க சமுத்திரம் காட்டை மூழ்கடித்தது. அணைக்குக் கீழே குடியேற்றங்களுக்காக மேலும் காடு வெட்டப்பட்டது. நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1954இல் தேசியப் பூங்கா அமைந்தபோதும், மிச்சக் காட்டுக்கும் பயிருக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிட்டிருந்தது. பழமரம் குறைந்த இடத்தில் செங்குரங்கு சோளனுக்குப் பழகுவதில் வியப்பில்லை.

2023இல் ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, வழக்குக்குப் பின் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடெங்கும் ஐந்து நிமிடம், விவசாயிகள் தங்கள் காணியில் நின்ற பயிர்ப்பகை விலங்குகளை எண்ணினார்கள். செங்குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றோடு, நொக்ஸ் தொல்லை குறைந்ததென்று எழுதிய இலைதின்னிகளின் இனமான மந்தியும் அந்தப் பட்டியலில் இருந்தது.