சிறைக்குள் கட்டிய ராக்கி



ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிறை இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபை சிறைப்பணி ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் பழைய மாணவர் ஒருவர், "கொலை செஞ்சவனைப் போய்ப் பார்க்கிறதுக்கு ஒரு ஊழியமா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான் தம்பி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவது தன்னையே பார்க்க வந்ததற்குச் சமம் என்று இயேசு சொன்னதாக மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வருகிறது. வேர் அதுதான். 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போன எலிசபெத் ஃப்ரை என்ற அம்மையார், அங்கே தாய்மாரோடு அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்காகப் பின்னர் சிறைக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். (வாத்தியார் புத்தி, அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்!) நம் நாட்டில் 1981-இல் கோட்டயத்தில் குருமட மாணவர்களாக இருந்த வர்கீஸ் கரிப்பேரி, பிரான்சிஸ் கொடியன் இருவரும் தொடங்கியதுதான் பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா.

ஆனால் தம்பியின் கேள்விக்குப் பதில் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது.

கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, இந்தூர் பக்கம் உதய்நகரில் பழங்குடி விவசாயிகளிடையே வேலை செய்தார். வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடந்த மக்களுக்கு வங்கிக் கடனும் அரசுத் திட்டங்களும் கிடைக்க வழி காட்டினார். வட்டிக்கு விட்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போகும் பேருந்தில் சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அப்போது அவருக்கு வயது 41.

சமந்தருக்கு ஆயுள் தண்டனை. மனைவி பிரிந்து போனார். தூண்டிவிட்டவர்களைப் பழிவாங்க வேண்டும் என்ற வெறி மட்டும் மிச்சம். அந்த நிலையில் அவரைத் தேடிப் போனவர் சுவாமி சதானந்த் என்று அறியப்பட்ட கத்தோலிக்கக் குரு. ஒரு தடவை போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிடவில்லை. திரும்பத் திரும்பப் போனார். என்னைக் கேட்டால் இந்த ஊழியத்தில் கடினமான பகுதி அதுதான். பிரசங்கம் யாரும் செய்துவிடலாம்.

2002-இல் ராணி மரியாவின் சொந்தத் தங்கை, அவரும் கன்னியாஸ்திரி, செல்மி பால் அந்தச் சிறைக்குள் போய்ச் சமந்தரின் கையில் ராக்கி கட்டினார். ராக்கி கிறிஸ்தவச் சடங்கு இல்லை. ஆனால் அந்த மனிதருக்குப் புரிகிற பாஷை அது. அவர்களுடைய தாயாரும் மன்னித்தார். மகளின் ரத்தம் பட்ட கைகள் என்று சொல்லி அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பத்தாரே விடுதலைக்கு மனுவில் கையெழுத்துப் போட, 2006-இல் சமந்தர் வெளியே வந்தார்.

தம்பி, ஒன்றைக் கவனியுங்கள். மன்னிக்கும் உரிமை அந்தத் தாய்க்கும் தங்கைக்கும்தான் இருந்தது. சதானந்துக்கு இல்லை, எனக்கும் உங்களுக்கும் இல்லை. பார்க்கப் போகிறவர் தீர்ப்பை மாற்றுவதில்லை, குற்றத்தைச் சின்னதாக்குவதும் இல்லை. சமந்தர் பதினோரு வருஷம் உள்ளே இருந்துவிட்டுத்தான் வந்தார்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்து பகவானையே தொடையில் அடித்தார்கள். கோபத்தோடு எழுந்த அடியார்களைத் திருப்பி அடிக்க விடாமல் தடுத்தவர் அவர். கிரிவலம் போகும்போது ஆசிரம வாசலைக் கடக்கிறோம். இதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளித்தார்கள். அந்தக் கூட்டத்தில் சமந்தர் சிங்கும் இருந்தார்.