‘மனைவி’ என்ற சொல்லின் எல்லை: தென்னாப்பிரிக்கா, 1913

அலிபிரியை அடுத்த திருப்பதி வட்டாரம், 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை, வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரிலும் தெலுங்கரிலும் வட ஆற்காட்டார் பலர். 1860 நவம்பர் 16 அன்று ‘துரூரோ’ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. ஒப்பந்த முறை முடிவுற்ற 1911-க்குள் அங்குச் சென்ற தொழிலாளர் தொகை ஏறத்தாழ 1,52,000.

இவர்கள் ஊரில் திருமணம் என்பது உறவினரும் ஊராரும் கூடியிருக்கத் தாலி கட்டுவது. அதற்கு எழுத்துச் சான்று பெறும் வழக்கம் இல்லை; ஊராரின் அறிவே சான்று. கடல் கடந்து சென்றவருக்கு அந்த ஊரார் உடன் இல்லை. அவர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முனைந்தபோது இந்த வேறுபாடு சட்டச் சிக்கலாக உருவெடுத்தது.

நேட்டாலின் 1897-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர் நுழைவதைத் தடுத்தது. ஆயினும் நுழைவுத் தகுதி பெற்றவரின் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் அது விலக்கு அளித்தது. ஆகவே குடும்பத்தின் உரிமை முழுவதும் ‘மனைவி’ என்ற ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்து நின்றது.

அந்தப் பொருளை 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உயர் நீதிமன்றம் சுருக்கியது. இந்தியாவிலிருந்து கணவருடன் வந்த பாய் மரியம் என்ற பெண்ணுக்கு அதிகாரிகள் நுழைவு மறுத்தனர். கணவர் வழக்குத் தொடர்ந்தார். பலதார மணத்தை ஏற்கும் சமய முறையில் நடந்த திருமணத்தைச் சட்டப்படியான மணமாகக் கொள்ள இயலாது என்று நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். ஒருவருக்கு உண்மையில் எத்தனை மனைவியர் என்பதை இத்தீர்ப்பு பார்க்கவில்லை. அவருடைய சமயம் எத்தனை பேரை அனுமதிக்கிறது என்பதையே பார்த்தது. அக்காலத்தில் இந்து முறையும் பலதார மணத்தைத் தடுக்கவில்லை. எனவே ஒரே மனைவியுடன் வாழ்ந்த இந்துவின் மணமும் கேள்விக்கு உள்ளாயிற்று. பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது. அதே ஆண்டில் வந்த குடிவரவு ஒழுங்குமுறைச் சட்டமும் ‘ஒருதார மணம்’ என்ற நிபந்தனையை எழுதிவைத்தது.

சட்டம் தங்களை மனைவியர் அல்லர் என்றதும் பெண்கள் போராட்டத்துக்குள் வந்தனர். கஸ்தூர்பா உள்ளிட்ட குழுவினர் செப்டம்பரில் சிறை சென்றனர். டிரான்ஸ்வாலிலிருந்து வந்த, பெரும்பாலும் தமிழரான பெண்கள் அக்டோபரில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தனர். தொழிலாளருக்கு மூன்று பவுன் தலைவரியே முதன்மையான குறை; திருமணப் பிரச்சினை அதனோடு இணைந்தது. சிறையில் நோயுற்று விடுதலையான தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாம் வயதில் உயிர்நீத்தார்.

அவ்வாண்டு நடுவில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது. இந்தியச் சமய முறைப்படி மணந்த ஒரு பெண்ணை மனைவியாக ஏற்றது. இந்தியச் சமயக் குருமாரைத் திருமண அலுவலராக நியமிக்கவும் வழிவகுத்தது. ‘மனைவி’ என்ற சொல் மீண்டும் விரிந்தது. ஆயினும் அந்த விரிவுக்கும் எல்லை இருந்தது. ஒருவருக்கு ஒரு மனைவியும், அவள் பெற்ற பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் மட்டுமே நுழையலாம். இரண்டாம் மனைவிக்கும் பதினேழு வயது மகனுக்கும் அதில் இடமில்லை.

இவ்வுரிமையும் நிலைக்கவில்லை. இனவொதுக்கல் அரசு 1953-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம், இந்தியாவில் புதிதாக மணம்புரிவோர் தம் மனைவியை அழைத்துவரும் வழியை அடைத்தது.

1914-இன் வெற்றியைக் காந்தியின் அரசியல் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே பெரிதும் வாசித்துவருகிறோம். குடும்பச் சட்டத்தின் வரலாறாகவும் அதை வாசிக்க வேண்டும். தலைவரி ஒழிந்தது, ஆனால் எது குடும்பம் என்பதை வரையறுக்கும் அதிகாரம் அரசிடமே தங்கிவிட்டது. அதனாலேயே ஒரு சட்டத்தால் கிடைத்ததை இன்னொரு சட்டத்தால் பறிக்க முடிந்தது. இன்றும் கணவரிடமோ மனைவியிடமோ செல்ல விசா கோருபவர் திருமணப் பதிவுச் சான்றிதழைத் தேடி அலைகிறார். ஊரறிய நடந்த மணத்தை ஊரறியாத ஓர் அலுவலருக்கு மெய்ப்பிக்கும் சுமை, இன்னும் குடும்பத்தின் தோளில்தான் இருக்கிறது.