உயிரணு ஆய்வு

நோயாளியின் ரத்தம், சளி, கட்டி ஆகியவற்றிலிருந்து செல்களை எடுத்து, ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயை அறிவது உயிரணு ஆய்வு. தமிழ்நாட்டில் இதன் வரலாற்றை 1903ஆம் ஆண்டின் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

உயிரணு ஆய்வுக்கு வழிவிட்டது சாயம். செல்களில் பலவும் தம்மளவில் நிறமற்றவை. சாயம் ஏறினால்தான் உள்ளமைப்பு தெரியும். மெத்திலீன் நீலமும் இயோசினும் கலந்த கலவையை ரஷ்யரான ரொமனோவ்ஸ்கி 1891இல் பயன்படுத்தினார். அதை 1901இல் எளிமையாக்கியவர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன். கல்கத்தாவை அடுத்த டம்டமில் காய்ச்சல் கண்டு இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் அவர் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். 1903 மே மாதம் அதை வெளியிட்டார். டிரிப்பனோசோம் கிருமிகள் சிதைந்து எஞ்சியவை அவை என்பது அவர் கணிப்பு.

அப்போது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராகவும் இருந்த சார்லஸ் டோனவன், இறந்தவர்களின் மண்ணீரலில் அதே உருண்டைகளைப் பார்த்தார். அத்துடன் நில்லாமல், ஜூனில், காய்ச்சலோடு படுத்திருந்த சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி ரத்தம் எடுத்தார். அதிலும் அவை இருந்தன. உயிரோடிருப்பவன் உடலில் இருப்பதைச் சாவுக்குப் பிந்தைய சிதைவு என்று எப்படிச் சொல்வது? காலா அசார் எனும் கருங்காய்ச்சலின் கிருமி புதியதோர் உயிரி என்பது இப்படித்தான் உறுதிப்பட்டது. மருத்துவ ஆய்வாளர் ரொனால்டு ராஸ் அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். பிணக்கூறாய்வு மேசையில் கிடைத்த அறிவைப் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குப் பயன்பட வைத்ததே டோனவனின் பெரும் பங்கு.

கிருமியை மட்டுமல்ல, செல்லின் வடிவக் கோளாறையும் நுண்ணோக்கி காட்டும். 1952இல் ஆய்வாளர்கள் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் இருப்பதை அறிவித்தனர். ஆக்ஸிஜன் குறையும்போது இச்செல்கள் வளைந்துவிடும். ரத்தத்துளியைக் காற்றுப் புகாமல் மூடிவைத்துப் பார்த்தாலே இது தெரியும். நுண்ணோக்கியில் கண்ணால் செய்துவந்த செல் எண்ணும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைத்தவர் அமெரிக்கர் வாலஸ் கூல்டர். காப்புரிமை பெற்றது 1953இல். நுண்துளை வழியே செல் கடக்கும்போது மின்தடை மாறுவதைக் கொண்டு அது எண்ணுகிறது. எண்ணிக்கை ஐயத்துக்கிடமானால் இன்றும் ஸ்லைடுதான் துணை.

கருப்பைவாய்ப் புற்றை முன்கூட்டியே காட்டும் பாப் பரிசோதனையை மருத்துவர்கள் பாப்பனிகோலாவும் ட்ராட்டும் 1941இல் விளக்கினர். ஆனால் ஸ்லைடைப் படிக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும்; கிராமங்களில் அவர்கள் அரிது. ஆகவே திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பரிசோதித்தனர். இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வகம் எட்டாத பெண்களை எட்டிய வழி என்பதால் இது இவ்வரலாற்றில் இடம்பெற்றே ஆக வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இதுபோன்ற இந்திய மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் உடலியங்கியல் செய்முறை வகுப்பில் தம் விரல்நுனியைக் குத்தி, ஒரு துளியை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி வெள்ளணுக்களை எண்ணப் பழகுகிறார்கள்.