மனச்சிதைவு நோய்

மனச்சிதைவு நோய் என்பது சிந்தனை, புலனுணர்வு, உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றைக் குலைக்கும் தீவிர மனநோய். பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஆளில்லாத அறையில் தன்னைத் திட்டும் குரல் கேட்பதும், பக்கத்து வீட்டார் சோற்றில் விஷம் வைப்பதாக அசையாமல் நம்புவதும் வெளிப்படையான அறிகுறிகள். பேச்சு குறைந்து, குளிக்கவும் மனமின்றி முடங்குவதை வீட்டார் சோம்பல் என்றே எடுத்துக்கொள்வதுண்டு.

இந்நோய்க்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற பெயரை 1908இல் சூட்டியவர் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். ‘பிளவுண்ட மனம்’ என்ற அதன் பொருளால் இரட்டை ஆளுமையோடு இது இன்றும் குழப்பப்படுகிறது, இரண்டும் வேறு.

1950களில் வந்த குளோர்புரோமசின் என்ற மருந்து சிகிச்சையின் போக்கை மாற்றியது. மற்ற மருந்துகள் பலிக்காதபோது குளோசபின் தரப்படுகிறது. இதனால் இரத்த வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை கட்டாயம். மாத்திரையோடு குடும்ப ஆலோசனையும் தொழிற்பயிற்சியும் வேண்டும். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இம்மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டுள்ளது.